டோக்கியோவில் சுற்றுலாக் கூட்டமில்லாத பேட்டையில் கட்டுப்படியாகும் விடுதி: எங்கே தேடுவது?

மேலைக்காற்று:
அனைவருக்கும் வணக்கம். வரும் நவம்பரில் நாங்கள் ஆறு இரவுகள் டோக்கியோவில் தங்கவிருக்கிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், அறுபத்தெட்டு வயதான என் அம்மா என மொத்தம் நால்வர். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் அரை மணி நேரம் நடந்துவிடுவார். படிக்கட்டு என்றால் பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார். இரண்டு அறைகளுக்கும் சேர்த்து இரவுக்கு 22,000 யென்னுக்கு மேல் செலவிட எங்களால் இயலாது. ஷின்ஜுக்கு, ஷிபுயா, அசகுசா ஆகிய இடங்களின் விலையைப் பார்த்த பிறகு, பயணிகள் அதிகம் தங்காத பேட்டைகளில் தேடலாம் என்று முடிவு செய்தோம். அதே சமயம், வாடகையில் மிச்சம் பிடித்து, அதை ரயிலில் கழியும் நேரமாகத் திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை. நரிதா விமான நிலையத்தில் காலையில் இறங்குகிறோம். ஊர் திரும்புவது ஹனேதாவிலிருந்து. எந்தப் பகுதியைப் பார்க்கலாம்?

ரயில்பித்தன்:
நான் ஒன்பது ஆண்டுகள் டோக்கியோவில் வேலை பார்த்தவன். பேட்டையைத் தேடாதீர்கள், ரயில் தடத்தைத் தேடுங்கள் என்பதுதான் வந்து கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது. நாம் பழகிய ஊர்களில் மையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் போதும். டோக்கியோவுக்கு ஒற்றை மையம் கிடையாது. யமனோதே என்ற வட்டப்பாதை 34.5 கிலோமீட்டர் நீளத்தில் 30 நிலையங்களைக் கோத்துக்கொண்டு சுற்றுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஷின்ஜுக்கு, ஷிபுயா, உவேனோ, டோக்கியோ நிலையம் எல்லாம் அந்த மாலையில் கோத்த மணிகளே. அதே மாலையின் வடக்கு விளிம்பில் ஓட்சுகா, சுகாமோ, கோமகோமே என்று மூன்று நிலையங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. வெளிநாட்டுப் பயணிகள் இந்தப் பெயர்களை வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கடந்துபோய்விடுவார்கள். ஓட்சுகாவிலிருந்து ஷின்ஜுக்குவுக்கு ஐந்து நிறுத்தங்கள், உவேனோவுக்கு ஏழு. இரண்டுக்கும் ரயில் மாற வேண்டியதில்லை.

நரிதாவிலிருந்து வருவதற்கும் இந்த விளிம்பு வசதியானது. ஸ்கைலைனர் ரயில் நிப்போரி நிலையத்தில் நிற்கும். அங்கே யமனோதேவில் ஏறினால் ஓட்சுகா ஐந்தாவது நிறுத்தம். அம்மாவுக்குப் பெட்டியோடு ஒரே ஒரு மாற்றம்தான். முழங்கால் வலி இருப்பவர்கள் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது, ஒரு நாளைக்கு எத்தனை முறை தடம் மாற வேண்டியிருக்கும் என்பதைத்தான். பெரிய நிலையங்களில் ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்குப் போவதே ஒரு தெருவைக் கடப்பது போல இருக்கும்.

நேர்வழி:
மாறுபட்ட கருத்தைச் சொல்வதற்கு மன்னிக்கவும். முதல்முறை போகிறவர்கள், அதுவும் வயதானவரையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போகிறவர்கள், எதற்காகப் பயணிகள் பகுதியைத் தவிர்க்க வேண்டும்? உவேனோவில் தங்கினால் பூங்காவும் அருங்காட்சியகங்களும் நடக்கும் தூரத்தில் இருக்கும்; பிற்பகலில் அம்மா களைத்துவிட்டால் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு மாலையில் மீண்டும் வரலாம். மிச்சமாகும் சில ஆயிரம் யென்னுக்காக அந்த வசதியை இழப்பது நல்ல கணக்காக எனக்குத் தோன்றவில்லை. தவிர, “சுற்றுலா இல்லாத உண்மையான ஊர்” என்று ஒன்றைத் தேடுவதில் கொஞ்சம் பாவனையும் இருக்கிறது. நாம் போய் இறங்கிய பிறகு அதுவும் சுற்றுலா ஊர்தானே!

ரயில்பித்தன்:
பாவனையைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். பிற்பகல் ஓய்வு பற்றிய வாதமும் வலுவானதுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடுதியின் பெயரில் ‘உவேனோ’ என்று இருப்பதாலேயே அது உவேனோ நிலையத்துக்கு அருகில் இருப்பதாகாது. இரியாவிலோ ஒகாச்சிமாச்சியிலோ இருக்கும் விடுதிகளும் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்கின்றன. வரைபடத்தில் வாசலைத் தேடி, மிக அருகில் எந்த நிலையத்தின் எந்த வாயில் இருக்கிறது என்று பார்த்த பிறகே விலையைப் பார்க்க வேண்டும்.

உவேனோவுக்கு அடுத்த நிலையம் உகுயிசுதானி. அங்கே வியப்பூட்டும் அளவுக்கு மலிவாக அறை கிடைத்தால் அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். மணிக்கணக்கில் அறை விடும் ஜோடி விடுதிகளுக்குப் பெயர்போன இடம் அது. ‘ஓய்வு’, ‘தங்கல்’ என்று இரண்டு விலைகள் வாசற்பலகையில் எழுதியிருந்தால் அதுதான் அடையாளம். ஆபத்தான பகுதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு இரவில் அந்தச் சந்து வழியாகப் போவது உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

தென்றல்வாசி:
நிஷி கசாய் பகுதியை ஒருவரும் சொல்லவில்லையே என்று வியந்தேன். எதோகாவா வட்டத்தில், தோசாய் சுரங்க ரயில் தடத்தில் இருக்கிறது. இரண்டாயிரமாம் ஆண்டையொட்டிக் கணினித் துறைக்கு வந்த இந்தியர்கள் குடும்பம் குடும்பமாகத் தங்கிவிட்ட இடம் அது. மளிகைக் கடை உண்டு, சைவச் சாப்பாடு கிடைக்கும், பூங்காவில் மாலை வேளையில் தமிழ்கூடக் காதில் விழும். என் மாமியார் எங்களோடு வந்திருந்தபோது நான்கு நாட்கள் அங்கே இருந்தோம்; சாப்பாட்டுக் கவலை இல்லாததே அவருக்குப் பாதி ஓய்வாக இருந்தது. டோக்கியோ நிலையத்தை ஒட்டிய ஓதேமாச்சிக்கு ஒரே ரயிலில் சுமார் இருபது நிமிடத்தில் போய்விடலாம். உங்கள் அம்மா வெளியில் சாப்பிடுவாரா என்பதைச் சொல்லுங்கள், சகோதரரே. அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரயில்பித்தன்:
அக்கா சொல்வது சரியான யோசனையே. ஒரு எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். தோசாய் தடத்தின் காலை நெரிசல் நாடறிந்தது. கிபாவுக்கும் மொன்சென் நகாச்சோவுக்கும் இடையே உச்ச நேர நெரிசல் 2019இல் கொள்ளளவின் 199 சதவீதம் என்று பதிவாகியது. நிஷி கசாயிலிருந்து நகருக்குள் போகும் ரயில் அந்த இடைவெளியைக் கடந்துதான் போக வேண்டும். வேலை நாட்களில் ஏழரை மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே முழங்கால் வலி உள்ளவரை அதில் ஏற்றக் கூடாது. ஒன்பதரைக்கு மேல் கிளம்புவதென்றால் சிக்கல் இல்லை.

கணக்குப்பிள்ளை:
இடத்தை நீங்கள் பேசி முடியுங்கள். நான் விலையைப் படிக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

ஜப்பானில் பல விடுதிகள் அறைக்கு இவ்வளவு என்று மட்டும் கணக்கிடுவதில்லை, தலைக்கும் கணக்கிடுகின்றன. தேடும்போது ஒருவர் என்று போட்டு விலை பார்த்துவிட்டு, இருவராகப் போய் நின்றால் வரவேற்பில் வித்தியாசத்தைக் கேட்பார்கள். மகளின் வயதையும் கட்டாயம் உள்ளிடுங்கள். பெற்றோரின் கட்டிலிலேயே படுக்கும் குழந்தைக்குக் கட்டணமில்லை என்று பல இடங்களில் உண்டு. ஆனால் வயது வரம்பு விடுதிக்கு விடுதி மாறும்.

அடுத்தது ‘செமி டபுள்’ என்ற சொல். அதை இரட்டைக் கட்டில் என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர். அது 120 முதல் 140 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒற்றைக் கட்டில். தனியாளுக்குத் தாராளம், இருவர் படுத்தால் ஒருவர் புரளும்போது மற்றவர் விழித்துக்கொள்வார். உங்களுக்கு வேண்டியது ‘ட்வின்’, அதாவது இரண்டு தனிக் கட்டில்கள். கூடவே அறையின் பரப்பளவைச் சதுர மீட்டரில் பாருங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று சதுர மீட்டர் என்றால் இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் திறந்துவைக்கத் தரை இருக்காது. ஒன்றைத் திறந்து எடுத்து, மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பிறகு மற்றதைத் திறக்க வேண்டும். நான் ஐந்து நாட்கள் அப்படித்தான் வாழ்ந்தேன்.

டோக்கியோ மாநகரத் தங்கல் வரி 2002 முதல் இருக்கிறது. ஆளுக்கு ஓரிரவு 10,000 யென்னுக்குக் கீழ் என்றால் வரி இல்லை. அதற்கு மேல் 15,000க்குக் கீழ் 100 யென். 15,000 முதல் 200 யென். உங்கள் 22,000ஐ நால்வருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 5,500தான் வருகிறது. ஆகவே அந்தக் கவலை வேண்டாம். நவம்பர் 3, நவம்பர் 23 இரண்டும் அங்கே அரசு விடுமுறை நாட்கள். உங்கள் ஆறு இரவுகளில் சனிக்கிழமையும் இந்த விடுமுறைகளும் வராமல் அமைத்துக்கொண்டால், அதே அறை குறைந்த விலைக்குக் கிடைக்கும். பேட்டையை மாற்றுவதைவிடச் சில சமயம் கிழமையை மாற்றுவதே அதிகம் மிச்சம் தரும்.

மேலைக்காற்று:
எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மா சைவம், ஆனால் தயிர்ச்சாதமும் ஊறுகாயும் இருந்தால் இரண்டு நாட்கள் சமாளிப்பார், சிறிய மின்சாரக் குக்கரை எடுத்துவருவதாகவும் சொல்கிறார். விடுதி அறையில் சமைக்கக் கூடாது என்று நான் சொன்னதை அவர் ஏற்றதாகத் தெரியவில்லை. ஆகவே, விடுதிக்குப் பதிலாகச் சமையலறையோடு கூடிய வீட்டை எடுக்கலாமா என்ற எண்ணமும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
எடுக்கலாம். ஆனால் சட்டப்படி பதிவு செய்த வீடா என்று பாருங்கள். 2018 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ள வீட்டுத் தங்கல் சட்டத்தின்படி, அப்படிப்பட்ட வீட்டை ஆண்டுக்கு 180 நாட்களுக்கு மேல் வாடகைக்கு விடக் கூடாது, பதிவு எண்ணையும் அறிவிப்பில் காட்ட வேண்டும். எண் இல்லாத வீட்டை ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்று, காலையில் இறங்கும் உங்களுக்கு ஆள் இருக்கும் வரவேற்பு மேசை தேவை. பெரும்பாலான விடுதிகளில் மதியம் மூன்று மணிக்குத்தான் அறை கிடைக்கும் என்றாலும், பெட்டிகளை அதுவரை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கதவில் எண்பூட்டு மட்டும் தொங்கும் வீட்டில் யாரிடம் கொடுப்பீர்கள்?

தென்றல்வாசி:
குளியலறையைப் பற்றி ஆண்கள் யாரும் பேசவில்லை. ஜப்பானில் ‘பிசினஸ் ஹோட்டல்’ எனப்படும் சிக்கன விடுதிகளில் குளியலறை ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக இருக்கும். அதன் தரை அறைத் தரையைவிட ஒரு படி உயரம். உள்ளே ஆழமான தொட்டி. அதன் விளிம்பு முழங்காலைத் தாண்டி நிற்கும். ஷவர் அந்தத் தொட்டிக்குள்ளேதான். என் மாமியார் முதல் நாள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, மற்றக் காலைத் தூக்க முடியாமல், திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு என்னை அழைத்தார். திரைச்சீலை அவரைத் தாங்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாள் வரவேற்பில் கேட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான அறையை வாங்கிக்கொண்டோம். கைப்பிடி இருந்தது, படி இல்லை. அப்படிப்பட்ட அறை ஒரு விடுதிக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள்.

புகைபிடிக்கும் அறையா என்பதையும் பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் கட்டடங்களுக்குள் புகைபிடிப்பதைச் சட்டம் பெரும்பாலும் தடுத்துவிட்டது, ஆனால் விடுதி அறைகளுக்கு விலக்கு உண்டு. மிக மலிவாகத் தெரியும் கடைசி அறை பல நேரங்களில் அந்த வகைதான்.

ஒற்றைப்பை:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் மாணவன், தனியாகப் போகிறேன், இதில் பாதித் தொகைகூட என்னிடம் இல்லை. மினாமி செஞ்சு பக்கம் மிக மலிவாக அறைகள் காட்டுகின்றன. அது பாதுகாப்பான பகுதியா?

ரயில்பித்தன்:
தம்பி, அது சான்யா என்று பழைய பெயர் கொண்ட பகுதி. தினக்கூலித் தொழிலாளர்களுக்காக ஏற்பட்ட மலிவு விடுதிகள் வரிசையாக இருந்த இடம். பின்னாளில் அவற்றுள் பல வெளிநாட்டு இளைஞர்களுக்கான விடுதிகளாக மாறின. அறை மூன்று பாய் அளவு, அதாவது ஏறத்தாழ ஐந்து சதுர மீட்டர் இருக்கும். குளியலும் கழிப்பறையும் பொது. பகலில் நடைபாதையில் குடித்துவிட்டு அமர்ந்திருக்கும் முதியவர்களைப் பார்ப்பாய். அவர்களால் உனக்கு ஒரு தொல்லையும் வராது. ஹிபியா தடம் அங்கே நிற்கிறது, அது உவேனோவுக்கும் கின்சாவுக்கும் நேராகப் போகும். நான் முதல் மாதம் தங்கியதும் அங்கேதான்.

சற்றுக் கூடுதல் தொகை கிடைத்தால் அடுத்த நிலையமான கிதா செஞ்சுவைப் பார். பழைய நெடுஞ்சாலையின் முதல் தங்கல் ஊராக இருந்தது அது. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689இல் ஜப்பானின் வடபகுதிக்கான நடைப்பயணத்தைத் தொடங்கியது செஞ்சுவிலிருந்துதான். இப்போது ஐந்து தடங்கள் சந்திக்கும் நிலையம்; பயணிகளுக்கு அதன் பெயரே தெரியாது.

மேலைக்காற்று:
நாங்கள் மூன்றாகச் சுருக்கியிருக்கிறோம். ஓட்சுகாவில் நிலையத்திலிருந்து நான்கு நிமிட நடையில் ஒரு விடுதி. சுகாமோவில் எட்டு நிமிடத்தில் ஒன்று. கடைசி இரவுக்கு மட்டும் ஹனேதாவை ஒட்டிக் கமாதாவில் ஒன்று. எது சரி?

ரயில்பித்தன்:
அந்த நிமிடக் கணக்கை முதலில் பிரித்துப் பார்ப்போம். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு 80 மீட்டர் ஒரு நிமிடம் என்று விதியே உண்டு. விடுதிகளும் பொதுவாக அதையொட்டியே எழுதுகின்றன. அது வெறுங்கையோடு, சிவப்பு விளக்கில் நிற்காமல், நிலையத்தின் மிக அருகிலுள்ள வாயிலிலிருந்து நடப்பவரின் கணக்கு. எட்டு நிமிடம் என்றால் 640 மீட்டர். பெட்டியோடும் அம்மாவோடும் அது கால் மணி நேரம். லிப்ட் இருக்கும் வாயிலும் அருகிலுள்ள வாயிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அந்தக் காரணத்தால் எனக்கு ஓட்சுகாவே மேலாகத் தெரிகிறது.

ஆனால் ஒரு குறை. ஓட்சுகா நிலையத்தில் ஜே.ஆர். ரயில் நிறுவனத்தின் யமனோதேவும் பழைய டிராம் வண்டியும் மட்டுமே உண்டு, சுரங்க ரயில் கிடையாது. பயணிகள் விரும்பி வாங்கும் 24, 48, 72 மணி நேரச் சுரங்க ரயில் சீட்டு இந்த இரண்டிலும் செல்லாது. சுகாமோவில் மீதா தடமும் கோமகோமேயில் நம்பொக்கு தடமும் இருப்பதால் அந்தச் சீட்டு அங்கே பயன்படும். ஓட்சுகாவை எடுத்தால், பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ‘சுய்கா’ பயண அட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கமாதாவைப் பொறுத்தவரை, அங்கே இரண்டு நிலையங்கள் இருக்கின்றன: ஜே.ஆர். கமாதா ஒன்று, கேய்க்யூ என்ற வேறொரு ரயில் நிறுவனத்தின் கேய்க்யூ கமாதா மற்றொன்று. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 800 மீட்டர். ஹனேதா ரயில் வருவது கேய்க்யூவுக்கு. ‘கமாதா நிலையம் இரண்டு நிமிடம்’ என்பதை மட்டும் படித்து ஏமாறாதீர்கள். விமானம் விடியற்காலையில் இல்லையென்றால், ஒரே இரவுக்காகப் பெட்டியைக் கட்டி விடுதி மாறுவதில் பயன் இல்லை. ஒருவேளை தங்கினால், அந்தப் பகுதிப் பொதுக் குளியலகங்களில் தேநீர் நிறத்தில் கறுத்த வெந்நீர் ஊற்று இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு இதமாக இருக்கும்.

நேர்வழி:
ஓட்சுகாவில் எனக்கும் இப்போது மறுப்பு இல்லை. இரவு நேரத்தை மட்டும் நினைவில் வையுங்கள். நள்ளிரவைத் தாண்டிச் சிறிது நேரத்தில் ரயில்கள் ஓய்ந்துவிடும். இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை டாக்சிக்கு 20 சதவீதம் கூடுதல் கட்டணம்.

மேலைக்காற்று:
திரும்பி வந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. கடன்பட்டவன் போல இந்த அறிக்கையை எழுதுகிறேன்.

ஓட்சுகாவிலேயே ஆறு இரவும் தங்கினோம். கைப்பிடி வைத்த அறையைத் தென்றல்வாசி அக்கா சொன்னபடி முன்கூட்டியே எழுதிக் கேட்டதால் கிடைத்தது; அம்மாவும் மகளும் அதில் இருந்தார்கள். படி வைத்த குளியலறை எங்களுக்கு வாய்த்தது. முதல் நாளே நான் அதில் கால் இடறினேன். அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல்.

ரயில்பித்தன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் எழுதியதைப் படித்திருந்தும், விமான நிலையத்தில் எல்லோரும் வரிசையில் நிற்பதைப் பார்த்து நால்வருக்கும் 72 மணி நேரச் சுரங்க ரயில் சீட்டு வாங்கிவிட்டேன். அதைப் பயன்படுத்துவதற்காக, மருனோவுச்சி தடத்தின் ஷின் ஓட்சுகா நிலையம் வரை பத்து நிமிடம் நடந்து போனோம். இரண்டாம் நாள் அம்மா நடைபாதையோரம் நின்று, “வாங்கின காசுக்காக என் காலை உடைக்கிறாயா?” என்று கேட்டார். அதன் பிறகு யமனோதேதான். நான்கு சீட்டுகளிலும் மிச்ச நேரம் வீண்.

ஆறு நாட்களில் அம்மாவுக்குப் பிடித்தது கோபுரமும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. ஓட்சுகாவில் ரயில் பாலத்துக்கு அடியிலேயே ஒற்றைப் பெட்டி டிராம் வந்து நிற்கிறது. அதில் இரண்டு நிறுத்தம் போனால் கோஷின்சுகா. அங்கிருந்து சுகாமோவின் முதியவர்கள் கடைத்தெரு தொடங்குகிறது. நடைபாதையில் வேகமாகப் போகிறவர் ஒருவரும் இல்லை. ஒரு கடை நிறையச் சிவப்பு உள்ளாடைகள்! தெருவில் இருக்கும் கோகன்ஜி ஆலயத்தின் முற்றத்தில் கன்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் ஒரு சிறிய சிலை. உடம்பில் எந்த இடத்தில் வலியோ, சிலையில் அந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றி ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அம்மா வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் சிலையின் இரண்டு முழங்கால்களையும் மிகப் பொறுப்பாகத் துடைத்தார். பின்னால் நின்ற ஜப்பானியப் பாட்டி ஏதோ சொல்லித் தன் முழங்காலையும் தட்டிக் காட்டினார். மறுநாள் காலையும் அங்கேயே போக வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார், போனோம்.

ஒற்றைப்பை:
மகிழ்ச்சி, அண்ணா. நானும் அடுத்த முறை குடும்பத்தோடு போகும்போது ஓட்சுகாவைப் பார்க்கிறேன். சத்தம் எப்படி இருந்தது?

மேலைக்காற்று:
அதை எழுத மறந்துவிட்டேன், தம்பி. எங்கள் அறை தண்டவாளத்தைப் பார்த்த பக்கம், மூன்றாம் மாடி. முதல் ரயில் விடியற்காலை நாலரை மணி வாக்கில் போகும்; மனைவி தூங்கினாள், நான் தூங்கவில்லை. அம்மாவின் அறை பின்பக்கம், தெருவைப் பார்த்தது; அங்கே ஒன்றும் கேட்கவில்லை. முன்பதிவுக் குறிப்பில் ‘தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம், மேல்மாடி’ என்று ஒரு வரி எழுதிவிடு. கேட்டால் கொடுக்கிறார்கள், நான் ஐந்தாம் நாள்தான் கேட்டேன்.